தட்டு மீன்களுக்குத் துணை

நாமக்கல்லில் பல் மருத்துவரின் அறைக்கு வெளியே காத்திருந்தேன். கீழ்வரிசையில் மூன்று பற்கள்தான் மிச்சம் என்பதால் எனக்கு அவசரம் எதுவும் இல்லை. எதிரே ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் உள்ளங்கை அகலத்தில், தட்டு மாதிரி வட்டமாக, பழுப்பு உடலில் நீலக் கோடுகள் ஓடும் நான்கு மீன்கள். அவற்றைச் சுற்றிப் பொடிமீன்கள் கூட்டமாகத் திரிந்தன. என்ன மீன் என்று தெரிந்தே கேட்டேன். டிஸ்கஸ் என்றாள் சீட்டுக் கொடுக்கும் பெண்.

"ரொம்பப் பயந்த சுபாவமுங்க ஐயா. சின்னதுக பயமில்லாமச் சுத்துனாத்தான் இதுக வெளிய வரும்."

அவள் சொன்னது சரி. அறுபது வருடத்துக்கு முன்பே எனக்கு அது தெரியும். நான் அதைத் தெரிந்துகொண்டதற்குத் தண்டனை அனுபவித்தவர் சடையன்.

தொட்டியின் பக்கம் குனிந்தபோது பாசி வாடை அடித்தது. பாசி வாடை வந்தால் கூடவே மண்ணெண்ணெய் வாடையும் எனக்கு வந்துவிடும். அதற்குக் காரணம் அரிக்கேன் விளக்கு. கொல்லிமலைக் குளிர் அந்த மீன்களுக்கு ஆகாது என்று, தொட்டிக்கு அடியில் தகரம் வைத்து, அதன் கீழே இரண்டு விளக்குகள் எரித்தோம்.

அந்த மலையில் குண்டனி நாடு என்கிற பகுதியில் ஒரு காப்பித் தோட்டம். அறுபதுகளின் தொடக்கம். நான் அங்கே ரைட்டர். மழை அளவைக் குறித்து வைப்பது, முதலாளிக்கு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது, இவைதான் வேலை. முதலாளியின் மைத்துனர் கப்பலில் இருந்தார். சிங்கப்பூரிலிருந்து நான்கு மீன்கள் கொண்டு வந்தார். எங்கள் பக்கத்துக்கு அப்போது ரோடு கிடையாது. அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி வரை காரில் வந்த மீன்களை, ஈரத்துணி கட்டிய மண்குடத்தில் தலைமேல் வைத்துச் சுமந்து ஏறியவர் சடையன். தோட்டத்தில் வேலை செய்தவர், சொந்தமாகக் கொஞ்சம் சாமை விதைத்தவர். முப்பது வயது இருக்கும்.

மேலே வந்து துணியை அவிழ்த்தால் ஒன்று செத்து மிதந்தது. யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அவராகவே அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றார்.

"மேட்டுல ஒருக்கா கால் எடறிப் போச்சுங்க ரைட்டரு. அதுலதான்" என்றார்.

மிச்சம் மூன்றும் தொட்டியில் விட்டதுமே கல்லுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டன. மறுநாளே நீலக்கோடு மறைந்து உடம்பு கரிக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. புழு போட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் குறித்தேன். பிற்காலத்தில் பத்திரிகையில் எனக்குச் சோறு போட்ட பழக்கம் அது. அப்போது மீன்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

தனியாக இருப்பதால் பயப்படுகின்றன என்று சடையன்தான் முதலில் சொன்னார். ஓடையிலிருந்து அயிரை பிடித்து வந்து விட்டார். அவை மணலுக்குள் புதைந்துகொண்டன, இருப்பதே தெரியவில்லை. அடுத்து கெண்டைக் குஞ்சுகள். யாராவது அறைக்குள் நுழைந்தால் போதும், கண்ணாடியில் மோதிச் சிதறும். அதைப் பார்த்துத் தட்டு மீன்கள் இன்னும் கறுத்தன. பயம் ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்கு ஒட்டுகிறது என்று நோட்டில் எழுதினேன்.

"இந்த ஓடை மீனுக கொக்குக்குப் பயந்து வளந்ததுகங்க" என்றார் சடையன். "மனுசனைக் கண்டா ஓடாத மீனு இந்த மலையில ஒரே எடத்துலதான் இருக்குது."

எந்த இடம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. ஊர்க்கோயிலுக்குக் கீழே ஓடை வளைகிற இடத்தில் ஒரு மடு. அதில் இருப்பவை சாமி மீன்கள். மரு உதிர்ந்தால் பொரி போடுவதாக வேண்டிக்கொள்வார்கள். விரலை நீட்டினால் வந்து மொய்க்கும். யாரும் பிடிக்க மாட்டார்கள். செத்து மிதந்தாலும் எடுத்துப் புதைப்பார்கள்.

நான் கேட்டேன். கொல்லப்போவதில்லை, தின்னப்போவதில்லை, பத்து நாள் கழித்து அதே மடுவில் விட்டுவிடலாம் என்று நியாயம் அடுக்கினேன்.

"சாமி ஊட்டு மீனை எரவல் கேக்கறீங்களா?" என்று சடையன் சிரித்தார்.

அவர் மனைவி பாவாயி சிரிக்கவில்லை. "சிங்கப்பூரு மீனுக்குத் தொணைக்கு எங்க சாமி மீனு வேணுமாக்கும். நாளைக்கு உங்க மொதலாளிக்குத் தொணைக்குப் பூசாரிய அனுப்பச் சொல்லுவீங்களா?"

அதோடு விட்டிருக்கலாம். இரண்டு நாள் கழித்து ஒரு மீன் பக்கவாட்டில் சாயத் தொடங்கியது. சடையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். குடத்தில் செத்த மீன் அவர் மனத்தில் இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்துதான் காட்டினேன்.

மறுநாள் விடிந்ததும் சுரைக்குடுக்கையில் ஐந்து குஞ்சுகள் கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் கண்ணாடி அருகே போனதும் ஐந்தும் என்னை நோக்கி வந்தன. கல்லுக்குப் பின்னாலிருந்து ஒரு தட்டு மீன் பாதி உடம்பை வெளியே நீட்டியது. சாயங்காலம் மூன்றும் நடுவே நின்றன. மூன்றாம் நாள் நீலக்கோடு திரும்பியது. நான் நிற்கும்போதே புழு தின்றன. சடையன் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "தேறிக்கிச்சுங்க" என்றார்.

அந்த வாரம் கூலியாள் விஷயமாக ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் தோட்டத்துப் பங்களாவுக்கு வந்தார். தொட்டியைக் கண்டதும் சும்மா ஒரு விரலைக் கண்ணாடியில் வைத்தார். ஐந்து குஞ்சுகளும் விரலுக்கு ஓடி வந்தன.

"இது எந்த ஓடை மீனுங்க?"

"நம்ம தோட்டத்து ஓடைதாங்க" என்றேன்.

அவர் என்னை நம்பியதாகவும் காட்டவில்லை, நம்பாததாகவும் காட்டவில்லை. வாசலில் நின்ற சடையனைத் திரும்பிப் பார்த்தார். காப்பியைக் குடித்து முடித்துவிட்டுப் போனார்.

கோயில் முன்பு ஊர் கூடியது. நானும் போனேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசி வரிசையில் நின்றேன்.

"ஆரு சொல்லி எடுத்தே சடையா?"

"ஆரும் சொல்லலீங்க. நானாத்தான் எடுத்தேன்."

ஊர்க்கவுண்டர் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். என் பக்கம் வந்தபோது அவர் பார்வை கொஞ்சம் தாமதித்தது. நான் பேசவில்லை. பேசினால் தோட்டத்துக்கும் ஊருக்கும் சண்டை வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முப்பது வருடம் பிறர் எழுதியதைத் திருத்திச் சம்பளம் வாங்கியவன் நான். எனக்கு நானே சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எப்படித் திருத்தினாலும் அது பொய்யாகவே நிற்கிறது.

சாமியின் பல்லக்கைத் தூக்கும்போது அதன் முன்கொம்பு சடையன் குடும்பத்துக்கு உரியது. அவர் தகப்பன் தூக்கியது, தாத்தா தூக்கியது. மூன்று திருவிழாவுக்கு அவர் தோள் கொடுக்கக் கூடாது என்று தீர்ப்பு. பாவாயி என்னைப் பார்த்தாள்.

குஞ்சுகளை அவரே கொண்டுபோய் மடுவில் விட்டார். தட்டு மீன்கள் மறுபடி கல்லுக்குப் பின்னால் போயின. தை பிறப்பதற்குள் மூன்றும் செத்தன. செய்தி கேட்டு, "எல்லாமுங்களா?" என்று மட்டும் கேட்டார் சடையன். அந்த வருடத் திருவிழாவில், சாமி புறப்பட்டபோது அவர் தூரத்துக் களத்துமேட்டில் நின்றார். அடுத்த திருவிழாவுக்கு முன்பே நான் சேலத்தில் பத்திரிகை வேலைக்குப் போய்விட்டேன். மூன்று வருடம் கழிந்தும் முன்கொம்பு அந்தக் குடும்பத்துக்குத் திரும்பவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

நான்கைந்து வருடத்துக்கு முன் ஒரு நாள் பஸ் ஏறி அங்கே போனேன். ஊர் முன்னால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ஊர் கூடிய இடத்தில் சிமெண்ட் நிழற்குடை. கூட்டம் போட்டு எத்தனையோ வருடம் ஆகிறதாம், வழக்கு என்றால் போலீஸ் ஸ்டேஷன்தானாம். ஊர்க்கவுண்டர் இல்லை, பாவாயி இல்லை, சடையனும் இல்லை. அவர் பிள்ளைகள் பிழைப்புத் தேடிக் கீழே இறங்கிவிட்டார்கள். நிழற்குடையில் பையோடு நின்ற ஒரு இளைஞனிடம் சடையனைத் தெரியுமா என்று கேட்டேன்.

"எந்தச் சடையனுங்க? சாமி மீனைத் திருடுனவருங்களா? எங்க அப்பாரு சொல்லுவாரு."

"திருடலை. நான் கேட்டுத்தான் எடுத்தாரு" என்றேன்.

அவன் என்னை ஒருமுறை பார்த்தான். "அப்படீங்களா" என்றான். பஸ் வந்தது. ஏறிக்கொண்டான்.