தூக்கச் சொன்ன பல்லி

ரங்கூன் கப்பலை விட்டு இறங்கி, ராயபுரத்து மரக்கிடங்கு வாசலில் ஜட்கா வண்டிக்காக நிற்கிறேன். பொழுது சாய்கிறது. உள்ளே எட்டுப் பேர் ஒரு பர்மாத் தேக்குக்கட்டைக்குக் கயிறு போட்டு, மேஸ்திரியின் சொல்லுக்குக் காத்திருக்கிறார்கள்.

"தூக்கேய்!"

தூக்கிவிடுகிறார்கள். ஒருவன் கை நசுங்காமல் தப்புகிறது.

"நான் சொல்றதுக்குள்ள எவன்டா சொன்னது?" என்று மேஸ்திரி கத்துகிறார்.

கட்டையின் பொந்திலிருந்து மறுபடியும், "தூக்கேய்!" ஒரு அடி நீளப் பல்லி தலை நீட்டுகிறது. சாம்பல் உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. கை தப்பியவன் கடப்பாரையை ஓங்குகிறான்.

ஆண்கள் கூட்டத்தில் நான் வாய் திறந்ததே இல்லை. இன்றைக்குத் திறந்துவிட்டேன்.

"அடிக்காதேப்பா! அது பர்மாக் காட்டுப் பல்லி. பகலெல்லாம் பொந்துல தூங்கும். இருட்டினா இப்படித்தான் கத்தி ஜோடியைக் கூப்பிடும். எங்க ரங்கூன் வீட்டுக் கூரையிலயும் இருந்தது. கரப்பான், எலிக்குஞ்சு எல்லாம் தின்னும்."

"வெசம் கீதா ஆயா?" என்கிறான் கடப்பாரைக்காரன்.

"விஷமில்லை. கடிச்சா மட்டும் லேசில விடாது."

கடப்பாரை இறங்குகிறது.

"இங்க எலி பேஜாரா கீது. இருந்துட்டுப் போவட்டும்," என்கிறார் மேஸ்திரி. "டேய், இனிமே நான் 'ஏத்து'ன்னாத்தான் தூக்கணும், இன்னா?"

"தூக்கேய்!" என்கிறது பல்லி.

எட்டுப் பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு அசையாமல் நிற்கிறார்கள்.