வாரேன்னு ஒரு பட்டன்

எம்பேத்தி பாக்குற வேலைக்குப் பேரு இன்டராக்‌ஷன் டிசைனரு. இதைச் சொல்லிப் பழகுறதுக்குள்ள எம்பல்செட்டு ரெண்டு தடவை கழண்டுச்சு. எதுத்த வீட்டுக்காரிக்கிட்ட வெறும் டிசைனருன்னு மட்டும் சொல்லி வச்சேன். மறுநா அவ ஜாக்கெட்டுத் துணியைத் தூக்கிட்டு வந்துட்டா, முதுகுல மயிலு வைக்கணுமாம். "மயிலெல்லாம் வைக்க மாட்டா, பட்டன்தான் வைப்பா"ன்னேன். "அப்ப ஆம்பளைச் சட்டை தைக்கிறவளா?"ன்னா.

போனைக் கையில வாங்குற ஆளு எதைத் தொடுவான், எங்க முழிப்பான், எங்க கடுப்பாகி வீசிருவான்னு பாத்து, அதுக்குத் தக்கன பட்டனையும் எழுத்தையும் வைக்கிறதுதான் அவ வேலை. சின்னதுலயே இந்தக் கிறுக்கு உண்டு. எங்க வீட்டு ஹால்ல ஒரே பலகையில வரிசையா சுவிச்சு. எது ஃபேனு, எது லைட்டுன்னு தட்டித் தட்டித்தான் கண்டுபிடிக்கணும். பள்ளிக்கூடம் போற வயசுல என் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஃபேன் சுவிச்சுல ஒட்டிட்டா. எல்லாருக்கும் சௌரியமாப் போச்சு. நான் சும்மா இருப்பேனா, ஒருநா பொட்டை மாத்தி ஒட்டிட்டேன். எம்மகன் குளிச்சிட்டு வந்து தட்டுறான், லைட்டு எரியுது. மறுபடி தட்டுறான், லைட்டு அணையுது. "கண்ணு தெரியலையாடா?"ன்னு நான் சிரிச்சா, இவ என்னைய மொறைக்குறா. "அப்பா மேல தப்பில்ல அப்பத்தா. பொட்டு பொய் சொல்லுது."

இஞ்சினியரிங் படிச்சா. மெட்ராசுல வேலைக்குச் சேந்தா, விட்டா. பெங்களூருல சேந்தா, அதையும் விட்டா. "செய்யுன்னு சொல்றாங்க, யாரு கைக்குப் போகுதுன்னு கேட்டா மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்குறாங்க"ன்னு பொட்டியோட வந்து நின்னா. கடைசியா மதுரையிலயே ஒரு சின்னக் கம்பெனி. கொஞ்ச நாள் வச்சுப் பாத்துட்டுத்தான் நிரந்தரமாக்குவோம்னுட்டாங்க. எம்மகன் பசுமலையில வாத்தியாரு, அவனுக்கு இந்தத் தாவல் ஆகாது. "இந்த மாசத்துக்குள்ள நிரந்தரம் ஆகலைன்னா பி.எட். சேந்துரு. சீட்டுக்குத் தெரிஞ்சவருகிட்டச் சொல்லி வச்சிருக்கேன்"னுட்டான்.

அன்னையிலேர்ந்து அவளுக்குத் தரையில காலு பாவலை. சோத்தை நின்னுக்கிட்டே திம்பா. குளிக்கப் போனவ சோப்பைக் கையில வச்சுக்கிட்டே வந்து ஏதோ எழுதுவா. அவளைப் பாத்து எனக்கும் உக்கார முடியலை, டிவியைப் போடுறேன், அமத்துறேன்.

அந்தக் கம்பெனிக்காரங்க செஞ்சது மாட்டு டாக்டரை வீட்டுக்குக் கூப்பிடுற ஆப்பு. ஒருநா போனை எங்கையில குடுத்து, "எல்லாம் முடிஞ்சதும் கீழ இருக்கறதைத் தொடு அப்பத்தா"ன்னா. எழுத்துக்கூட்டிப் படிச்சேன். வெ-ளி-யே-று.

"யாரடி வெளியேறுங்குறான்? எம்மாமியாகூட என்னைய இப்பிடிச் சொன்னதில்ல. மனசுக்குள்ள நெனைச்சிருப்பா, அது வேற."

"அப்ப ஒரு வீட்டுலேர்ந்து கெளம்பறப்ப நீ என்ன சொல்லுவ?"

"வாரேம்பேன். போறேன்னா சொல்லுவாக?"

அம்புட்டுத்தான், குதிச்சு எந்திரிச்சா. வெளியேறு போச்சு, வாரேன் வந்துச்சு. அவ முதலாளி தாடி வச்ச சின்ன வயசுக்காரன். "சூப்பரு, நம்மூரு வாசனை"ன்னு கையத் தட்டுனானாம். திங்கக்கெழமை ஆப்பை வாங்க வாரவங்ககிட்டக் காட்டப் போறோம், அது நல்லபடியா முடிஞ்சா நிரந்தரம்னு சொன்னானாம். நான் எதுத்த வீட்டுக்காரிக்கிட்ட, "போனுக்குள்ள எம்பேச்சுதான் ஓடுது"ன்னு அளந்து விட்டேன்.

திங்கக்கெழமைக்கு முந்தியே இவ, மாடு வச்சிருக்கவுக கையில குடுத்துப் பாக்கணும்னு அலங்காநல்லூர்ப் பக்கம் கெளம்புனா. "நீயும் வா, நீ பேச்சுக் குடுத்தா அங்குள்ள பொம்பளைகளும் பேசுவாக"ன்னா. பஸ்ஸுல போனோம். முதலாளி பைக்குல வந்தான்.

மொத ஆளு ஒரு பெரியவரு. "மாட்டுக்குக் காய்ச்சல்னு வச்சுக்கங்க, டாக்டரைக் கூப்பிடுங்க தாத்தா"ன்னு போனைக் குடுத்தா. அவரு பொறுமையா மாட்டுப் படத்தைத் தொட்டாரு, காய்ச்சலைத் தொட்டாரு. அடுத்த பக்கத்துல ரெண்டு பட்டன்: ஒண்ணு டாக்டரைக் கூப்பிட, இன்னொண்ணு நம்ம வாரேன். பாத்தாரு. எதையும் தொடலை. போனைத் திருப்பிக் குடுத்துட்டு மாட்டுப் பக்கத்துல போயி உக்காந்துக்கிட்டாரு.

"என்ன தாத்தா, கூப்பிடலையா?"

"அதான் டாக்டரு வாரேன்னுட்டாரே."

அவரு சம்சாரம் உள்ளருந்து, "எம்புட்டு நேரத்துல வாராராம்? காப்பி போடவா?"ன்னுச்சு.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு, முந்தானையை வாயில திணிச்சேன். எம்பேத்தி மூஞ்சி வெளுத்துப் போச்சு. முதலாளி அவளை ஓரமா இழுத்து, "பெருசுக்கு வெளங்கலை, விடும்மா. அடுத்தாளைப் பாரு. திங்கக்கெழமை இருக்கு"ன்னான்.

"அவருக்கு நல்லா வெளங்குது அண்ணே. நாமதான் வெளங்காம எழுதியிருக்கோம். நெசமாவே மாட்டுக்குக் காய்ச்சல்னா அவரு இப்பிடியே உக்காந்திருப்பாரு. டாக்டரு வர மாட்டாரு."

"இப்ப மாத்துனா நாளாகும். உன் வேலையும் இதுலதான் நிக்குது, தெரியுமில்ல?"

"தெரியும்ணே. இப்பிடியே காட்ட வேணாம்."

அவன் பைக்கை எடுத்துட்டுப் போயிட்டான்.

பஸ்ஸுல நகத்தைக் கடிச்சுக்கிட்டே வந்தா. "மூடுன்னு வைக்கட்டுமா அப்பத்தா?"

"வாயையா?"

"முடிஞ்சதுன்னு?"

"மாடா?"

"கொஞ்சம் சும்மா வாரியா!"ன்னு சீறுனா. சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. பெறகு திடீர்னு, "நீ போனுல பாட்டுக் கேட்டு முடிஞ்சா என்ன பண்ணுவ?"ன்னா.

"கீழ வச்சிட்டுப் போவேன்."

"எதையும் தொட மாட்டியா?"

"நான் எதுக்குத் தொடணும்? அது பாட்டுக்குக் கெடக்கும்."

அந்தப் பட்டனே வேணாம்னு அங்கயே முடிவு பண்ணி, பஸ்ஸு குலுங்கக் குலுங்க முதலாளிக்கு எழுதிப் போட்டா.

பொழுது சாய்ஞ்சுதான் அவங்கிட்டருந்து போனு வந்துச்சு. ஸ்பீக்கர்ல போட்டா. எம்மகனும் பேப்பரை மடிச்சு வச்சுட்டுக் கேட்டான். பட்டனை எடுக்கலாமாம், காட்டுறதைத் தள்ளி வச்சாச்சாம், நாளைக்குக் கொட்டாம்பட்டிப் பக்கம் போயி இன்னும் நாலு பேருகிட்டக் குடுத்துப் பாக்கணுமாம். முதலாளி பேசிக்கிட்டே போறான்.

"அண்ணே, நான் வேலையில இருக்கேனா இல்லையா? அதை மொதல்ல தெளிவாச் சொல்லுங்க."

"இருக்க. அந்தத் தப்பைப் பிடிச்சவளை விட முடியுமா? நிரந்தரம்தான்"ன்னான். "பெருசு இன்னும் உக்காந்திருக்காரோ என்னமோ, அதையும் பாத்துக்க"ன்னு சேத்துக்கிட்டான்.

எம்மகன் வாசலுக்குப் போயி, சீட்டு விசயமாச் சொல்லி வச்ச ஆளுக்குப் போனைப் போட்டான். என்ன பேசுறான்னு கேக்கலை. இவ அடுப்படிக்கும் வாசலுக்குமா நடக்குறா. "நடக்காதடி, டைல்ஸு தேயுது"ன்னேன். நிக்கலை.

அவன் உள்ள வந்தான். "சீட்டு வேணாம்னுட்டேன்"ன்னான்.

அப்பத்தான் உக்காந்தா. தட்டை மடியில வச்சு ரெண்டு வாய் தின்னா. மூணாவது வாய்க்கு முந்தி எந்திரிச்சுட்டா. கொட்டாம்பட்டிக்கு மொத பஸ்ஸு எத்தனை மணிக்குன்னு பாக்கணுமாம்.