மஞ்சளாகட்டும், தொடாதீங்க!

வயிறு நிறையப் போட்டால் வளரும், பட்டினி போட்டால்தான் எண்ணெய் வைக்கும்; அப்பேர்ப்பட்ட பாசியைத் தொட்டியில் வளர்ப்பதுதான் நான் கற்ற தொழில். செய்கிற வேலையைச் சொந்த வீட்டுக்கே விளக்க முடியாமல் தொண்டை வற்றியவர்களே, உங்களிடம்தான் இந்த வயிற்றெரிச்சலைக் கொட்ட முடியும்.

நைனா கேட்ட கேள்வி

பொதட்டூர்பேட்டையில் எங்கள் வீட்டில் இரண்டு பவர்லூம். நான் தாவரவியல் படித்துவிட்டு, திருத்தணிக்கு வெளியே ஒரு முதலாளியின் பாசிப் பண்ணையில் சேர்ந்தேன். கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி, காயவைத்துப் பிழிந்தால் எண்ணெய் வரும் என்று நைனாவுக்குத் தறிச் சத்தத்தையும் மீறிக் கத்திக் கத்தி விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அறுந்த நூலை முடிந்துகொண்டே சொன்னார்: "ஆங், கோயில் கொளத்துல வழுக்கி வுடுதே, அதானே? அதுக்கா உன்ன எம்.எஸ்சி. படிக்க வெச்சேன்? ஆறு மாசம் பாரு, ஆவலன்னா வந்து தறியில உக்காரு."

சாமிக்கு வர ஜனம்

பாசிக்கு இளஞ்சூடு பிடிக்கும். கை சுடுகிற தண்ணீரில் செத்துப்போகும். நம்ம ஊர் வெயில் தெரியுமே! அதனால் தொட்டிக்கு மேலே பச்சை வலை கட்டியிருந்தேன். ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் போய்ப் பார்த்தால் வலையைக் காணோம். காவடி எடுப்பவர்களுக்கு மோர்ப் பந்தல் போட முதலாளியே அவிழ்த்துக் கொடுத்திருக்கிறார்! கெஞ்சினேன், திருவிழா முடியட்டும் என்றார்.

இரண்டே நாள். தொட்டி பழுப்பாகி, நுரை கட்டி, நாறியது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முதலாளி முகத்தில் ஒரு துளி வருத்தம் இல்லை. "சாமிக்கு வர ஜனத்துக்கு நெழலு குடுத்தோம்மா. உன் பாசி ரெண்டு நாள் வெயிலு தாங்காதா? அடுத்த வாட்டி எண்ணெய் வரலன்னா தொட்டியில மீனு வுட்டுருவேன், சொல்லிட்டேன்."

மனசு கேட்கவில்லை

வலை திரும்பி வந்தது. மழை பிடித்து வெயில் தணிந்தது. யூரியா அளந்து போட்டேன். தொட்டி கரும்பச்சையாய்த் தழைத்தது. பிறகு யூரியாவை அடியோடு நிறுத்தினேன். தழைச்சத்து கிடைக்காவிட்டால் பாசி வளர்வதை விட்டுவிட்டு எண்ணெய் சேர்த்து வைத்துக்கொள்ளும், நிறம் மஞ்சளாகும். ஒரு வாரத்தில் மஞ்சள் தட்டியது. மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றின் வயிற்றிலும் எண்ணெய்த் துளி மின்னியது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

திங்கட்கிழமை அறுவடை. வாட்ச்மேன் முனுசாமி திருவாலங்காட்டில் நெல் பயிரிடுகிறவர். "மஞ்சளாகட்டும், தொடாதீங்க" என்று அவரிடம் மூன்று தடவை சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனேன். திங்கட்கிழமை வந்தால் தொட்டி பச்சைப் பசேல்! சேர்த்த எண்ணெயையெல்லாம் தின்றுவிட்டுப் பெருகிக்கொண்டிருந்தது. அவரோ பெருமை பொங்க நிற்கிறார். "மஞ்ச தட்டினா யூரியா போடணும்னு கொயந்தைக்குக்கூடத் தெரியும்மா. நீ பட்டினி போட்டுட்டுப் போயிட்ட, அது வாடிகினு கெடந்துச்சு, மனசு கேக்கல. அரை மூட்டையக் கொட்டினேன். இப்ப பாரு, எப்பிடி நிக்குது!"

அந்த மனுஷனை என்னவென்று திட்டுவது, நீங்களே சொல்லுங்கள்!

மாலை போடாத குறை

அரை மணி நேரத்தில் முதலாளி வந்தார். மஞ்சளாய் இருந்தவரை முகத்தைச் சுளித்த மனுஷன், பச்சையைப் பார்த்ததும் எனக்கு மாலை போடாத குறை. உள்ளே எண்ணெய் இல்லை சார் என்று தலையில் அடித்துக்கொண்டேன், நம்பவில்லை. வடித்து, காயவைத்து, பிழிந்தார்கள். டம்ளரின் அடிகூட நனையவில்லை.

மறுவாரமே மீன் குஞ்சு வந்து இறங்கியது. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது முதலாளி ஆறுதல் சொன்னார்: "வருத்தப்படாதம்மா, உன் பாசி ஒண்ணும் வீணாவல. மீனுங்க என்னமா துன்னுது பாரு!"

இப்போது தறியில் உட்கார்ந்து யோசித்தால், அந்தத் தொட்டியில் பட்டினி போடத் தெரிந்த என் ஒருத்தியைத் தவிர எல்லாருக்கும் வயிறு நிறைந்துவிட்டது.