கிக்குக்கும் பேஸுக்கும் நடுவில்

பன்னிரண்டாவது தடவையாகப் பாட்டைத் திருத்தி அவள் அனுப்பி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, பதில் வந்துவிட்டது.

"அக்கா, பாட்டு செம. ஆனா கிக் எங்கக்கா? தேடிக்கிட்டே இருக்கேன்."

அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. போட்டாள்.

பதில் அனுப்பியவன் இடி. ராப் பாடுகிறவன்; வாயைத் திறந்தால் ஜன்னல் அதிரும் என்பதால் அந்தப் பெயர். பகலெல்லாம் கூரியர் வேன் ஓட்டுவான். அவளுக்குத் தெருவில் வைத்த பெயர் மிக்ஸியக்கா. எட்டு வருஷம் ஒரு மருத்துவமனையில் காது பரிசோதிக்கும் அறையில் உட்கார்ந்து, "கேக்குதா? எந்தக் காதுல?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் வேலையை விட்டவள். வீட்டின் சின்ன அறையில் சுவரெல்லாம் பஞ்சுப் பலகை ஒட்டி, பாட்டுகளில் தனித்தனியாகப் பதிவான சத்தங்களை ஒன்றாகக் கலந்து கொடுக்க ஆரம்பித்தாள். வாசலில் 'மிக்சிங் செய்து தரப்படும்' என்று பலகை மாட்டிய மூன்றாம் நாள், எதிர்வீட்டம்மா ஓடாத மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்.

கிக் என்பது காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம். இந்தப் பாட்டில் அது சாதாரண டிரம் இல்லை. இடி தன் வேனின் பின்கதவை ஓங்கி அறைந்து, அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து, டிரம்மோடு சேர்த்திருந்தான். பெற்ற பிள்ளை மாதிரி அதன்மேல் பாசம். அடிக்குரலில் உறுமும் பேஸ் கிட்டாரை வாசித்தது அவன் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். அச்சகத்தில் வேலை. வாரம் ஒருநாள் லீவு. அந்த ஒருநாளும் கிட்டாரை மடியிலிருந்து இறக்கமாட்டார்.

தொல்லை எங்கே என்றால், வேன் கதவும் மச்சானின் கிட்டாரும் ஒரே அடித்தட்டில், ஐம்பது அறுபது ஹெர்ட்ஸில், முட்டிக்கொண்டு நின்றன. ஒரே வாசலில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் நுழைந்தால் இரண்டு பேரும் மாட்டிக்கொள்வார்கள் அல்லவா, அப்படி. சத்தத்தை ஏற்றினால் வாசல் அகலமாகிவிடாது. இதை இடிக்கு நாலு தடவை சொல்லிவிட்டாள். "புரியுதுக்கா. கொஞ்சம் ஏத்திப் பாருங்களேன்" என்றான் நாலு தடவையும்.

அவளும் சும்மா இருக்கவில்லை. பேஸின் அடிப்பகுதியைக் கொஞ்சம் சீவினாள். போனில் கேட்பவர்களுக்கும் எட்டட்டும் என்று கிக்கின் நுனியில் ஒரு 'டக்' சத்தத்தைத் தூக்கிவிட்டாள். கிக் விழும்போதெல்லாம் பேஸ் ஒரு கணம் தானாகத் தணிந்து எழும்படி கட்டி வைத்தாள். மச்சான் உடனே போன் போட்டார்.

"அக்கா, நான் வாசிக்கும்போது யாரோ என் கையைத் தட்டிவிடற மாதிரி இருக்கு."

"கிக்குக்கு வழி விடணுமே தம்பி."

"அது கிக்கா? வேன் கதவு. மாப்பிள்ளை கதவைச் சாத்தறதுக்கு நான் ஏன் ஒதுங்கணும்?"

தணிவதைக் குறைத்தாள். இடியிடமிருந்து போன் வந்தது. கூட்டினாள். மச்சானிடமிருந்து வந்தது. லிப்ட் பழுதுபார்க்கும் அவள் கணவர் கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, "ரெண்டும் டம்முனுதானே கேக்குது?" என்றார். அவள் பார்த்த பார்வையில் கதவைத் தானே சாத்திக்கொண்டார்.

மூன்றாவது வாரம் இடியின் மனைவியே கூப்பிட்டாள். "எங்க அண்ணன் நாலு நாளா வீட்டுப் பக்கம் வரலக்கா. இவரும் பேசறதில்ல. நீங்கதான் ஏதாவது பண்ணணும்."

"ஏம்மா, நான் பாட்டுக்கு மிக்சிங் பண்றேனா, உங்க குடும்பத்துக்கா?" என்று சீறிவிட்டு, சீறியதற்காகவே வெட்கப்பட்டாள். பிறகு இரண்டு பேருக்கும் ஒரே வரியில் செய்தி அனுப்பினாள்: சனிக்கிழமை பதினொரு மணி. கிட்டாரோடு.

வந்தார்கள். சோபாவின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். அவள் பேஸை மட்டும் ஓடவிட்டாள். மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். கிக்கை மட்டும் ஓடவிட்டாள், இடி தலையாட்டினான். இரண்டையும் சேர்த்தாள். வெறும் கூழ்.

"இதுல யாரு தெரியறாங்க? சொல்லுங்க."

இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள்.

"மூணு வாரமா ரெண்டு பேரும் என் உயிரை எடுக்கறீங்க. இது பொத்தானைத் திருகிச் சரியாகிற விஷயம் இல்ல. நீங்க வாசிச்சதுல இருக்கு. தம்பி, உன் கதவு சாத்தின பிறகும் முனகிக்கிட்டே இருக்கு. வாலை வெட்டப் போறேன்."

"அந்த முனகல்தான்கா அழகே!"

"அழகை வீட்ல வச்சுக் கேளு."

அவன் கண்ணெதிரிலேயே பாதி வாலை நறுக்கினாள். காது குத்தும்போது குழந்தை முகம் சுளிப்பதுபோல் சுளித்தான். மச்சான் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"சிரிக்காதீங்க. கிக் விழுற இடத்துல நீங்களும் விழுறீங்க. அது விழுந்து முடியட்டும், அப்புறம் விரலை வைங்க."

"அவன் முதல்ல, நான் பின்னாலயா?"

"அவன் அடிச்சுட்டுப் போயிடுவான். இழுத்துக்கிட்டுப் போறது நீங்கதான்."

அந்த வார்த்தை வேலை செய்தது. மச்சான் கிட்டாரின் வயரைச் சொருகினார். முதல் தடவை முந்திக்கொண்டார். அடுத்ததில் ரொம்பப் பிந்தினார். ஆறாவது தடவை கையை உதறிவிட்டு, "வராதுக்கா" என்றார். அப்போது இடி, அவரைப் பார்க்காமலே, தொடையில் தட்டிக் காட்டினான். "இங்க நான், மச்சான். இங்க நீங்க."

ஒன்பதாவதில் உட்கார்ந்தது. கிக் நெஞ்சில் குத்தியது. அது விலகிய மறுகணம் பேஸ் உருண்டு வந்து இடத்தை நிரப்பியது. இத்தனைக்கும் அவள் எதன் சத்தத்தையும் ஏற்றவில்லை. இரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் ஆடின.

"இப்ப என் பேஸ் பெருசா கேக்குதே!" என்றார் மச்சான்.

"கிக் வந்துடுச்சுக்கா!" என்றான் இடி.

மூன்று மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு மூன்று வாரம் என்று நினைத்தபோது அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் அவர்கள் ஒரே வேனில் ஏறிப் போனபின், யாரும் பார்க்காத தைரியத்தில், பாட்டை முழுதாக இரண்டு தடவை கேட்டாள்.

இப்போதெல்லாம் புதிதாக யார் வந்தாலும், பாட்டைக் கேட்பதற்கு முன்னால் அவள் ஒரு கேள்வி கேட்கிறாள்: "பேஸ் வாசிச்சது யாரு? அவர் உங்களுக்கு என்ன முறை ஆகணும்?"