வெள்ளிச் சொம்பில் விழுந்த முகங்கள்

2008-இல் கடலூர் செம்மண்டலத்தில், வீட்டிலேயே போட்டோ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சிதம்பரத்திலிருந்து ஒரு அம்மா தன் மகளோடு வந்தார். கையில் அவருடைய தாயார் விட்டுப்போன வெள்ளிச் சொம்பு. மறுநாள் அதை உருக்கி, மகள் கல்யாணத்துக்குக் கொலுசு செய்யப் போகிறார்களாம். அதற்கு முன்னால் ஒரு படம் வேண்டும்.

பளபளப்பான பாத்திரத்தில் எதிரே இருப்பதெல்லாம் தெரியும். "தள்ளி நில்லுங்கம்மா, உங்க மூஞ்சி விழுது" என்று சிடுசிடுத்தேன். சொம்பைச் சுற்றி வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு, அதில் ஓட்டை போட்டு, லென்ஸை மட்டும் நுழைத்து எடுத்தேன். படத்தில் ஒரு நிழல்கூட இல்லை. பெருமையாகக் காட்டினேன்.

அவர் கேமராவை வாங்கிப் பார்த்தார்.

"நல்லாருக்கு தம்பி. ஆனா கடையில இருக்கிற சொம்பு மாதிரி இருக்கு. எங்கம்மா இதை விபூதி போட்டுத் தேய்ச்சதும், என்னைக் கூப்ட்டு மூஞ்சி பாக்கச் சொல்லுவாங்க."

எனக்குச் சுருக்கென்றது. சொம்பைச் சுற்றித் தொங்கிய வேட்டியை எடுத்தேன். "ரெண்டு பேரும் கிட்ட வாங்கம்மா" என்றேன். இருவரும் குனிந்து, கோணலாய்த் தெரிந்த தங்கள் முகங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அழுத்தினேன்.

"அண்ணா, நீங்களும் விழுந்துட்டீங்க" என்றாள் மகள்.

"இருந்துட்டுப் போவட்டும்டி" என்றார் அம்மா.

எத்தனையோ படங்கள் எடுத்திருக்கிறேன். எடுத்ததில் நானும் இருப்பது அது ஒன்றுதான். மூக்கு ரொம்பப் பெரிசாக விழுந்திருக்கிறது. இருந்தாலும் யாராவது என் போட்டோ கேட்டால் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.