யானைக் கொட்டாரத்தில் ஒரு விரிசல்

கல்யாணமான புதிதில் நான் குடித்தனம் வைத்தது ஒரு யானைக் கொட்டாரத்தில். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. அங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் வரும் பழைய ஜமீன் ஊரில் வீடு. அரண்மனை யானைகளைக் கட்டிய நீளக் கட்டடத்தை, எதிரே பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணாச்சி வாங்கிக் குறுக்கே சுவர் எழுப்பி நாலு வீடாக்கியிருந்தார். யானை நுழைந்த வளைவைச் செங்கல்லால் அடைத்து, அதற்குள் மனுஷன் நுழைய ஒரு கதவு. பல்பு ஃபியூஸ் போனால் கோயில் ஏணியை இரவல் வாங்க வேண்டும். மனைவி ஒரு கோடியிலிருந்து திட்டினால் மறுகோடிக்கு வந்து சேருவதற்குள் சூடு பாதி ஆறியிருக்கும்.

அவள் பிரசவத்துக்குப் புதூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்த கோடையில்தான் பின்சுவரில் விரிசலைப் பார்த்தேன். தரையில் புறப்பட்டு என் தோள் உயரத்துக்கு ஏறியிருந்தது. விரலை வைத்தால் உள்ளே போனது. கரிசல் மண் வெயிலில் பிளக்கும், மேலே நிற்பதையும் சேர்த்து இழுக்கும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்த விஷயத்துக்கே பயப்படுவதில்தான் என் திறமை. கட்டிலை நடுவீட்டுக்கு இழுத்தேன். பிறகு வாசலுக்கு. கடைசியில் தெருவிலேயே போட்டுப் படுத்தேன். கேட்டவர்களிடம் காற்றுக்காக என்றேன்.

அண்ணாச்சியிடம் முறையிட்டேன்.

"அது வெயிலுக்கு வாயைத் தொறந்திருக்கு தம்பி. மழை பெஞ்சா மூடிக்கிடும்."

"மூடுததுக்கு முன்னாடி விழுந்துட்டா?"

"யானை முதுகு சொறிஞ்ச சுவரு. நீங்க இருமினா விழுந்துருமாக்கும்?"

அந்தக் கோடையில் பழைய கட்டடங்களைத் தேடிப் பார்க்கிறவர்கள் சிலர் சென்னையிலிருந்து வந்தார்கள். கொடியில் கிடந்த என் கைலியை எடுக்கச் சொல்லிவிட்டுப் போட்டோ எடுத்தார்கள். சுண்ணாம்புப் பூச்சைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். "இந்தச் சுவர் விழவே கூடாது சார்" என்றார் அவர்களில் மூத்தவர், அழாத குறையாக. நானும் மனதார ஆமோதித்தேன். அவருக்குச் சுவரைப் பற்றிக் கவலை. எனக்குச் சுவருக்குக் கீழே படுப்பவர்களைப் பற்றி.

வேறு வீடு பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று மனைவிக்குச் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. புரட்டாசியில் மூன்று மாதக் குழந்தையோடு வந்து இறங்கினாள். விரிசலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதுக்கா தெருவுல படுத்தீங்க? ஊரே சொல்லிச் சிரிக்குது."

தொட்டிலை மட்டும் வாசல் பக்கமாகக் கட்டினாள். என் பயத்துக்கு அவள் காட்டிய சலுகை அவ்வளவுதான்.

ஐப்பசியில் முதல் பெருமழை ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் பிடித்தது. மேலே ஓடு ஏதோ நகர்ந்த மாதிரி கேட்டது எனக்கு. பிள்ளையைத் துண்டில் சுருட்டி, அடுப்படியில் நின்றவளை ஒரு கையில் இழுத்துக்கொண்டு, தெருவைத் தாண்டி எதிர்க்கடைக்கு ஓடினேன். அவள் கையில் கரண்டி இருந்தது.

"என்ன தம்பி, குடும்பத்தோட உளுந்து வாங்க வந்தீங்களா?" என்றார் அண்ணாச்சி.

"இல்ல அண்ணாச்சி," என்றாள் அவள். "இவிய பிள்ளையச் சுவத்துகிட்ட இருந்து காப்பாத்தி, மழையில நனைச்சிருக்காவ."

கடையில் ஒதுங்கி நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். கொஞ்சம் பிந்தி நானும் சேர்ந்துகொண்டேன்.

மழை விட்டு விட்டுப் பல நாள் பெய்தது. சுவர் நின்றது. விரிசல், அண்ணாச்சி சொன்னபடியே சுருங்கிச் சுருங்கி, நகம்கூட நுழையாத கோடாகிவிட்டது. என்னைப் பற்றி ஊர் சொன்ன கதைகளோடு நானே இரண்டு கதை சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தேன்.

மழை வெறித்து வானம் தெளிந்த ஒரு காலையில் பெரிய சத்தம் கேட்டது. அரண்மனையின் கிழக்குக் கூடம் உட்கார்ந்துவிட்டது. பூட்டியே கிடந்த பகுதி. ஊரிலேயே உறுதியானது அதுதான் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். யாருக்கும் அடியில்லை. உள்ளே விரிசல் இருந்ததா என்று பார்க்க அங்கே ஆளே இல்லை. தேக்கு உத்திரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. மிச்சமிருந்த ஒரு சுவரில் வெயில் விழுந்து, நேற்றுப் பூசியது போல நீல நிறம் பளிச்சென்று இருந்தது. அரண்மனைக்குள் இப்படி ஒரு நீலம் இருந்ததே எங்களில் பலருக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதன் நிழலிலேயே வாழ்ந்த நாங்கள் அதை உள்ளே பார்ப்பதற்கு அது விழ வேண்டியிருந்தது. வேடிக்கை பார்க்க வந்த சிலர் என்ன நினைத்தார்களோ, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். அவர்களில் அண்ணாச்சியும் ஒருவர்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி குழந்தையைத் தோளில் போட்டபடி பின்சுவரைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"மூடித்தான இருக்கு," என்றேன். அந்த வீட்டில் நான் தைரியம் சொன்னது அதுதான் முதல் தடவை.

"தொறந்திருந்தா கண்ணுக்குத் தெரியும். மூடியிருந்தா எப்படித் தெரியும்? வேற வீடு பாருங்க."

அவள் குரலில் கிண்டல் இல்லை. பயம் என் ஒருவனிடம் இருந்தவரைக்கும் அதை வைத்து ஊரைச் சிரிக்க வைக்க முடிந்தது. இப்போது அதையே அவள் முகத்தில் பார்த்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு, வீடு பார்க்கக் கோவில்பட்டி பஸ்ஸுக்கு நடந்தேன்.