அக்காவின் வயலுக்குள் ஒரு பழைய வாய்க்கால்

ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்குப் பெயிண்ட் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. கதவுத் தகட்டை நேராகப் பார்த்தால் குறை தெரியாது. சாய்த்துப் பிடித்து, வெளிச்சம் எங்கே கோணுகிறது என்று பார்க்க வேண்டும். ஷிப்ட் முழுக்க இப்படிப் பார்த்துப் பழகிய கண், ரூமுக்கு வந்தும் சும்மா கிடக்காது. போனில் சேட்டிலைட் படத்தைத் திறந்து வல்லக்கோட்டைப் பக்கத்து நிலங்களை மேய ஆரம்பித்தேன்.

கம்பெனிக்கென்று எடுத்துப் போட்டு, கம்பெனி வராத பொட்டல் இங்கே நிறைய. மழை முடிந்து புல் காயத் தொடங்கும் மாதங்களில் எடுத்த படங்கள்தான் விசேஷம். மண்ணுக்குள் பழைய வரப்பு கிடந்தால் அதன்மேல் புல் சீக்கிரம் பழுத்துவிடும். பழைய வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் அங்கே ஈரம் தங்கி, புல் பச்சை மாறாமல் நிற்கும். நடந்து போகிறவனுக்கு அது வெறும் புல். மேலிருந்து பார்த்தால், யாரோ என்றோ உழுத வயல்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். முதல் வயலைக் கண்டுபிடித்த அன்று எனக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

எவனிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். நான் குடியிருக்கும் மாடி ரூமுக்குச் சொந்தக்காரர் கீழ்வீட்டு அக்கா. மூன்று வாரம் உட்கார்ந்து தேடிப் பிடித்த நேர்நேரான மஞ்சள் கோடுகளை அவரிடம் காட்டி, "ஆயிரம் வருஷத்து வயக்காடுக்கா இது!" என்றேன்.

அக்கா போனை வாங்கிப் பார்த்தார். "தம்பி, இது மனை போட்ட எடம். ஜல்லி கொட்டி ரோடு போட்டான், கொடி நட்டான், ஓடிட்டான். ஜல்லி மேல புல்லு எப்பிடி மொளைக்கும்?"

அவர் சிரித்து முடிக்கவே ரொம்ப நேரமானது. அன்றிலிருந்து, "இன்னா ஆயிரம் வர்சம், டீ குடிக்கிறியா?" என்றுதான் கூப்பிடுவார். எனக்கு மூக்குமேல் கோபம் வந்தது. ஆனாலும் டீயைக் குடித்தேன். ஒரு பாடமும் படித்தேன்: பழைய ஆட்கள் ஸ்கேல் வைத்து வரப்புப் போடவில்லை, தரை எப்படிச் சரிகிறதோ அப்படி வளைத்திருக்கிறார்கள்.

அந்த அக்காவுக்கு ஒரு ஏக்கர் வயல். இரண்டு பக்கம் கம்பெனிகளின் காம்பவுண்டுச் சுவர். பக்கத்து ரோட்டை உயர்த்தியதிலிருந்து மழைத் தண்ணீர் வடிய வழியில்லை. இரண்டு வருஷமாக நட்ட பயிர் மூழ்கி அழுகியது. படப்பையிலிருந்து ஒரு புரோக்கர் விடாமல் போன் பண்ணிக்கொண்டிருந்தார். "இந்த வாட்டியும் அயுகிட்டா குடுத்துட்டுப் பூட வேண்டியதுதான்" என்று அக்கா சொன்னபோது முகத்தில் சிரிப்பே இல்லை.

ஐப்பசியில் மூன்று நாள் அடித்த மழையில் பயிர் மறுபடியும் மூழ்கியது. போன வருஷம் அக்கா வடக்கு வரப்பை வெட்டிப் பார்த்தும் தண்ணீர் போகவில்லை; பக்கத்து வயல்காரரோடு சண்டைதான் மிச்சம். எங்கே வெட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஊர்ப் பொட்டலெல்லாம் மேய்ந்தவன், இந்த வயலைப் பார்த்ததே இல்லை. பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். அறுவடை முடிந்த ஒரு பங்குனிப் படத்தில், காய்ந்த தாளுக்கு நடுவே ஒரு பச்சைப் பட்டை வயலைக் குறுக்காக வளைந்து, கன்னி மூலையில் வேலிகாத்தான் புதருக்குள் போய் மறைந்தது. ஓடிப்போய்க் காட்டினேன்.

"இதுவும் ஜல்லியா தம்பி?"

"இல்லக்கா, இது பச்சை. நேராவும் போகல, வளைஞ்சு போகுது பாருங்க."

என் பேச்சை நம்பினாரோ, வேறு வழியில்லை என்று நினைத்தாரோ, மண்வெட்டியை எடுத்தார். முட்டளவுத் தண்ணீரில் நடந்து போய் முள்ளை வெட்டினோம். வரப்படியில் தோண்டத் தோண்ட வெறும் சேறு. அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு வேர்த்துவிட்டது. அப்புறம் மண்வெட்டி கல்லில் இடித்தது. அகலமான பலகைக்கல் ஒன்று, அதைத் தாங்க இரண்டு பக்கமும் கல், நடுவே வண்டல் அடைத்த ஒரு துளை. கடப்பாரையால் குத்தினேன். முதலில் குமிழி விட்டது. பிறகு தண்ணீர் திமிறிக்கொண்டு, அந்தப் பக்கம் பள்ளத்தில் இருக்கும் தாங்கல் ஏரியை நோக்கி ஓடியது. நான் போட்ட கூச்சலில் அக்கா காதைப் பொத்திக்கொண்டார்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேரே வயலுக்குப் போனேன். பயிர் ஒரு சாண் தலைதூக்கி நின்றது. அக்கா வரப்பில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். "இல்லீங்க, குடுக்கறதா இல்ல. தண்ணி வடிஞ்சிடுச்சி. இனிமே இதுக்குப் போன் பண்ணாதீங்க."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு அந்தக் கல்லைப் பார்த்தார். "எவன் கட்டி வச்சானோ, நல்லா இருக்கணும் அந்தப் புள்ள."

கட்டினவன் செத்து எத்தனை தலைமுறை ஆனதோ. நானும் "ஆமாக்கா, நல்லா இருக்கணும்" என்றேன்.